நான் அழித்த புள்ளி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிக்கரையில் நடந்தது இது. நான் சேலத்துக்காரன். மனைவியின் ஊர் கரியமாணிக்கம். மாமியார் வீட்டு விருந்துக்கு மற்ற மாப்பிள்ளைகள் பழத்தட்டோடு போவார்கள். நான் கேமரா, முக்காலி, நெற்றியில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு விளக்கு சகிதம் போவேன். இருட்டில் நட்சத்திரங்களைப் படம் எடுப்பது என் பைத்தியம். "உங்க மாப்ள ராத்திரியில இன்னா தேடுறாரு?" என்று அக்கம்பக்கத்தார் மாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் குடும்ப மானத்தை விட்டுக்கொடுக்காமல், "அது ஏதோ கவர்மெண்டு வேல" என்று சொல்லிவைத்திருக்கிறார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கேமராவை வடக்கு பார்த்து நிறுத்தி, அரை அரை நிமிடமாக விடாமல் எடுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த நூற்றுக்கணக்கான படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், நட்சத்திரங்கள் எல்லாம் வட்டம் வட்டமாகக் கோடு போட்டுச் சுற்றியிருக்கும். ஒரு தடவை முடுக்கிவிட்டால் கேமராவே எடுத்துக்கொள்ளும். எடுக்கிறவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, பயப்படுவதைத் தவிர.

அன்றைக்குத் துணைக்கு என் மைத்துனனைக் கூட்டிப் போயிருந்தேன். தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் வாட்டசாட்டமான ஆள். ஆனால் இருட்டைக் கண்டால் என்னைவிட மோசம். ஏரி நிறையத் தண்ணீர். காற்று இல்லை. வானத்து நட்சத்திரங்கள் அப்படியே தண்ணீருக்குள்ளும் கிடந்தன. எது மேலே, எது கீழே என்று கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. தவளைகள் மட்டும் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

கேமராவை முடுக்கிவிட்டு வந்து நின்றிருப்போம். திடீரென்று அத்தனை தவளைகளும் ஒரே நொடியில் வாயை மூடின.

யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. அந்த அமைதியில், ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து, "ஓ..." என்று மெல்லிசாக ஒரு குரல் இழுத்துக்கொண்டே வந்தது. நான் குரல் வந்த பக்கம் திரும்பப் போனேன். மைத்துனன் என் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினான்.

"திரும்பாத மாமா! ஒரு தரம் கூப்டா அது. மூணு தரம் கூப்டாதான் மனுசன்."

"அதுன்னா எதுடா?"

"பேர வேற சொல்லணுமா? இந்த ஏரியில கொள்ளிவாய் இருக்குதுன்னு ஊருக்கே தெரியும். நீ வா, வண்டிக்குப் போலாம்."

இன்னும் இரண்டு தரம் கூப்பிடுகிறதா என்று நின்று எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணுகிற தைரியம் எங்கள் இருவரில் எவனுக்கும் இல்லை. தப்பித்து ஓட வசதியாக, காரை முதலிலேயே ஊர்ப் பக்கம் திருப்பி, ஏரிக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தேன். உள்ளே ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாமி பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டோம். மைத்துனன் கூடவே பாட ஆரம்பித்தான். பாட்டினால் போன பயம் அவன் குரலினால் திரும்பி வந்தது.

வேண்டிய படங்கள் ஆகியிருக்கும் என்று தோன்றியதும் ஓடிப்போய் முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். சத்தியமாக அந்தக் கரைப் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லோரும் தூங்கிய பிறகும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்தையும் சுத்தம் பண்ண வேண்டும். விமானம் போன கோடு, வண்டி வெளிச்சம், இப்படி நடுவில் புகுந்த குப்பைகளை ஹீலிங் பிரஷ் என்ற ஒன்றால் தேய்த்தால், சுற்றியிருக்கும் இருட்டை எடுத்து அந்த இடத்தில் பூசிவிடும். குப்பை இருந்த அடையாளமே தெரியாது.

ஒரு படத்தில் எதிர்க்கரைமேல் ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. பைக் வெளிச்சம். ஒரு தேய்ப்பில் போனது. அடுத்த படத்தில் அந்தக் கோடு முடிந்த இடத்துக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக, சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதையும் தேய்த்தேன். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கேமராவில் ஏதோ கோளாறு, அதுதான் ஒரே இடத்தில் புள்ளி விழுகிறது என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன். ஏழெட்டுப் படம் போயிருக்கும். கை தானாக நின்றது.

கோளாறு என்றால் புள்ளி அசையக் கூடாது. இது அசைந்திருந்தது. ஒரு படத்தில் இடப்பக்கம் இழுபட்டிருந்தது. இன்னொன்றில் வலப்பக்கம். படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தேன். அந்த இருட்டுக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்து ஆடியது. போகப் போக மங்கியது. கடைசிச் சில படங்களில் இல்லவே இல்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு மைத்துனனை உலுக்கி எழுப்பினேன். பார்த்தவன் லேப்டாப்பைக் கும்பிட்டான்.

"சொன்னேன் இல்ல? அதான் மாமா! அத வூட்டுக்கே படம் புடிச்சி எடுத்தாந்துட்டியே! அழிச்சிடு மாமா, மொதல்ல அழிச்சிடு!"

அழிக்கத்தான் போனேன். ஆனால் படம் எடுக்கிறவனுக்குப் பேயைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு. எதையும் அழிக்கும் முன் பெரிதாக்கிப் பார்ப்பது. அழித்த கோட்டைத் திரும்ப வரவழைத்துப் பெரிதாக்கினேன். வெள்ளைக் கோடு கரை திரும்பும் இடம்வரை நேராக வந்திருந்தது. அங்கே அதன் வாலில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. இரண்டும் சேர்ந்து சட்டென்று கீழே வளைந்து, அறுந்திருந்தன.

"டேய், பிசாசுக்கு டெயில் லைட் எதுக்குடா?"

"புது மாடலா இருக்கும் மாமா" என்றவன், சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிப்போனான். கோடு அறுந்த இடத்துக்கு மேலே இரண்டு பனைமரங்கள் கறுப்பாக நின்றிருந்தன. "அந்த ரெட்டப் பன கிட்டதான் மாமா மழைக்குக் கரை சரிஞ்சி கெடக்குது. இன்னும் மண்ணு போடல."

சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் காருக்கு ஓடினோம். மூன்று தரம் கூப்பிட்டதா, முப்பது தரம் கூப்பிட்டதா, எங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டல்லவா போட்டிருந்தோம்.

போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் கரும்பு. காரின் வெளிச்சத்தில் தோகைகள் கை காட்டிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தன. இரட்டைப் பனையருகில் இறங்கி, நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு சரிவில் கால் வைத்தேன். கீழே ஆகாயத்தாமரை அடர்ந்து தண்ணீரே தெரியவில்லை. ஆள் இருக்கிற அறிகுறி இல்லை. ஒரே ஒரு வாசனை மட்டும் வந்தது. ஆளில்லாத ஏரிக்கரையில், நள்ளிரவில், சுடச்சுட இறக்கியது போல மீன் குழம்பு வாசனை.

மைத்துனன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தான். "மாமா, ராத்திரியில மீன் கொழம்பு எடுத்துக்கினு போனா அது பின்னாடியே வரும்னு..."

அவன் முடிக்கவில்லை. எங்கள் காலடியிலிருந்து, தேய்ந்துபோன ஒரு குரல் கிளம்பியது.

"வந்துட்டியாடா? கொழம்புக்குத்தான வந்த? எடுத்துக்கினு போ! எங்கிட்ட வச்சிக்காத!"

அதைத் தொடர்ந்து அந்தக் குரல் என் தாயாரில் தொடங்கி மூன்று தலைமுறையை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அர்ச்சித்தது. கெட்ட வார்த்தை பேசினால் பேய் அண்டாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. என் நெற்றியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்து, கொள்ளிவாய் கிட்டத்தில் வந்து குனிந்து பார்ப்பதாக அந்த மனிதர் முடிவு பண்ணிவிட்டார். வாழ்நாளில் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக எந்தத் திட்டையும் கேட்டதில்லை. திட்டத் திட்ட, அந்தச் சத்தத்தை வைத்தே இலைகளை விலக்கிக்கொண்டு போனோம்.

மார்பளவு தண்ணீரில் கிடந்தார். பைக் கால்மேல் விழுந்திருந்தது. உதடு வெளுத்துப்போய், உடம்பு நடுங்குவதைக்கூட நிறுத்தியிருந்தது. விளக்கைக் கழற்றி என் முகத்தில் அடித்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார்.

"இன்னாடா, மனுசங்களா?" என்று கேட்டவர், கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததில் மைத்துனனைத்தான் சொல்ல வேண்டும். பேய்க்குப் பயந்தவன் சேற்றில் குதித்து, ஒற்றை ஆளாகப் பைக்கைத் தூக்கிப் பிடித்தான். நான் அவரை இழுத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தன் சட்டையையும் என் சட்டையையும் அவர்மேல் போர்த்தி, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவர் கண் மூடும்போதெல்லாம், "திட்டு பெரியவரே, இன்னும் நல்லா திட்டு" என்று உசுப்பினான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குளிரே ஆளைக் கொண்டுபோயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனோம். கொத்தனார் அவர். மகள் வீட்டிலிருந்து மீன் குழம்புத் தூக்குவாளியோடு திரும்பியிருக்கிறார். போனில் தண்ணீர் புகுந்து பட்டன் ஒன்றும் வேலை செய்யவில்லை. டார்ச் மட்டும் எரிந்ததாம்.

"எதிர்க்கரையில ஒரு காரு நின்னுச்சிப்பா. அதப் பாத்துத்தான் ஆட்டினேன். கொஞ்ச நேரத்துல அங்கேருந்து சாமி பாட்டு கேட்டுச்சி. சரி, சாவற நேரத்துல சாமி பாட்டு கேக்குது, நம்ம கத முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்கினேன்."

மைத்துனன் ஜன்னலைப் பார்த்தான். நான் கட்டிலைப் பார்த்தேன். கடைசியில், அந்தக் கார் எங்களுடையதுதான் என்று சொல்லி, போனில் அந்தப் படங்களைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். புள்ளி மங்கத் தொடங்கும் ஒரு படத்தில் விரல் நின்றது.

"இதுவரைக்கும் கத்தினேன். இதுக்கு மேல தொண்ட வரல. சும்மா கைய மட்டும் ஆட்டினேன்."

மேலும் தள்ளினார். புள்ளி இல்லாத படம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி போனை வாங்கி, திரை தெரியாதபடி கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

இருட்டில் எடுக்கும் படங்களில் வேண்டாத புள்ளிகள் விழும். அவற்றுக்கு எங்கள் கூட்டத்தில் நாய்ஸ் என்று பேர். சத்தம் என்று அர்த்தம். எத்தனையோ வருடமாக அந்த வார்த்தையை யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போதெல்லாம் ஒரு புள்ளியை அழிப்பதற்கு முன்னால் லேப்டாப்பில் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.