வளையம் இல்லாத சனி

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லார் வீட்டிலும் பஜ்ஜியும் சொஜ்ஜியும் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அதோடு சனிக் கிரகத்தையும் காட்டினோம். இப்படி ஒரு கூத்து ஹைதராபாத்தில் வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கு அப்போது பத்து வயது. நடந்தது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனாலும் யார் சரி, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் திணறத்தான் செய்வேன்.

உப்பலில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மத்திய சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர் வேலை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று நாலு பேர். அத்தை டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள். முப்பது வயது முடிந்துவிட்டது, கல்யாணம் மட்டும் கூடிவரவில்லை. ஜாதகத்தில் ஒரு கிரகம் விட்டால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் பிடித்திருந்தது ஏழரைச் சனி. முடிய இன்னும் ஐந்து வருஷம் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் லாலாகுடா ரயில்வே காலனியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அத்தையைப் பிடித்துவிட்டது. அத்தைக்கும் பிடித்துவிட்டது என்பதை அவள் சொல்லவில்லை. ஆபீஸ் கிளம்பும்போது புதிதாகப் பாட்டு முணுமுணுத்தாள், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவரை நான் ரயில்வே தாத்தா என்று கூப்பிட்டேன். வெற்றிலைச் சிரிப்பும், தமிழில் பாதி தக்கினி ஹிந்தியுமாகப் பேசுகிற மனிதர். அவர் மனைவிதான் பிடிகொடுக்கவில்லை. பொண்ணு தங்கமான பொண்ணு, ஆனால் சனி விலகட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

அப்பாவுக்கு ஜாதகம் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. முந்தின மாதம் சூரிய கிரகணம் வந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க, இவர் வேண்டுமென்றே நடுக் கூடத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவர். பேச வந்திருந்த அந்த அம்மாளிடம் இவர் சும்மா இருப்பாரா?

“அம்மா, சனிங்கறது ஒரு பெரிய உருண்டை. சுத்தி ஒரு வளையம். ஐஸும் தூசியுமா இருக்கு. கோடிக்கணக்கான மைல் தள்ளி அது பாட்டுக்குச் சுத்துது. அது எதுக்கு என் தங்கச்சி கல்யாணத்துல வந்து மூக்கை நுழைக்கப்போகுது?”

“தூரமா இருந்தா என்ன தம்பி? சூரியனுந்தான் அவ்வளவு தூரத்துல இருக்கு. மாடியில வத்தல் காயலையா?” என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் கோபப்படாமல்.

அம்மா சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விட்டாள். தோற்றுப்போன எரிச்சலில்தான் அப்பா அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். “நீங்களே ஒரு தடவை கண்ணால பாருங்க. பார்த்துட்டு, இதுக்குப் பயப்படணுமான்னு சொல்லுங்க.”

அப்பாவிடம் அவர் கையாலேயே செய்த ஒரு டெலஸ்கோப் இருந்தது. இரண்டு வட்டக் கண்ணாடிகளைப் பொடி தூவி ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரு வருஷம் முழுக்கத் தேய்த்து, ஆளுயரக் குழாயில் பொருத்திய சமாச்சாரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதில் எனக்குச் சனியைக் காட்டியிருந்தார். எலுமிச்சம்பழத்துக்கு வளையல் மாட்டியதுபோல அழகாக இருந்தது. பிறகு வேலை, ஓவர்டைம் என்று ஆகி டெலஸ்கோப் பரணுக்கு ஏறிவிட்டது.

ஆனால் அந்த அம்மாளுக்கு வேறு பயம். கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நின்று கும்பிடக் கூடாது, பார்வை படும், ஒதுங்கி நின்றுதான் கும்பிட வேண்டும். அப்படியிருக்க, குழாய் வைத்து உற்றுப் பார்ப்பதாவது! அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். அவருடைய டெலஸ்கோப்பில் கண்ணை வைக்கிற லென்ஸ் குழாயின் நுனியில் இல்லை, பக்கவாட்டில் இருந்தது. “நேரா பார்க்கவே வேண்டாம்மா. இதுல பக்கத்துல ஒதுங்கி நின்னுதான் பார்க்கணும்” என்றார். அந்த அம்மாள் உடனே சம்மதித்துவிட்டார். சாஸ்திரப்படி டெலஸ்கோப் செய்த முதல் ஆள் எங்கள் அப்பாதான் என்று அம்மா ரொம்ப நாள் கேலி செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையோடு வந்தார்கள். விரதம் இருந்த அந்த அம்மாளைத் தவிர மற்றவர்களுக்கு டிபன் ஆகி, எட்டு மணிக்குள் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். கிழக்கே சனி ஏறியிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தார். குழாயைக் குரு பக்கம் திருப்பினார். குரு தன் நாலு நிலாவோடு சௌக்கியமாக இருந்தது. மறுபடி சனிக்கு வந்தார். அவர் பின்னங்கழுத்தில் வேர்வை வழிந்ததைப் பார்த்து நானும் இடுக்கில் புகுந்து கண்ணை வைத்தேன். வெறும் உருண்டை!

என் வாய் சும்மா இருக்குமா? “அப்பா, வளையம் எங்க போச்சு?” என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தித் தொலைத்தேன்.

அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒதுங்கி நின்று பார்த்தார். “மொட்டையா இருக்கே. வளையம் இருக்கும்னு சொன்னீங்களே தம்பி?”

“இருந்துச்சும்மா. இவகூடப் பார்த்திருக்கா.”

“இப்ப?”

“தெரியலையே” என்றார் அப்பா.

எது கேட்டாலும் பதில் வைத்திருக்கிற அப்பா, உள்ளதை உள்ளபடி அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாளின் முகம் கறுத்துவிட்டது. கிரகமே தன் நிலை மாறி நிற்கிறது, இது நல்லதுக்கில்லை என்று முணுமுணுத்தார். அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இந்த வரனும் போயிற்று என்று எனக்கே புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ரயில்வே தாத்தா முன்னால் வந்தார். நிதானமாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

“அடடா, அடடா! இந்தா, இங்க வா, நல்லாப் பாரு. அந்த வளையம்தான் அவர் ஆயுதம். அதைக் கீழ வெச்சுட்டு எவ்வளவு சாந்தமா நிக்கறார்! இந்தப் பொண்ணை விட்டு இறங்கிட்டார்டி.”

“நிஜமாவா சொல்றீங்க?”

“ஹவ், நிஜம்தான்! நாப்பது வருஷமா சனிக்கிழமை பட்டினி கிடக்கறவ நீ. உனக்குக் காமிக்காம வேற யாருக்குக் காமிப்பார்?”

அந்த அம்மாள் மறுபடி போய்ப் பார்த்தார். இந்தத் தடவை அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்து டெலஸ்கோப் குழாயில் ஒரு பொட்டு வைத்தார், மிச்சத்தை அத்தை நெற்றியில் வைத்தார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அழுதார்கள். அப்பா மட்டும் அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் லென்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

திங்கட்கிழமை அவர் தொழிற்சாலை நூலகத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். சாய்த்துப் பிடித்தபோது வட்டமாகத் தெரிந்த தட்டு, விளிம்பு மட்டும் என் பக்கம் இருக்கும்படி திருப்பியதும் ஒரு கோடாகிவிட்டது. சனியின் வளையமும் இப்படித்தானாம். ரொம்ப ரொம்ப மெல்லிசு. பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை விளிம்பைக் காட்டும், அப்போது கண்ணுக்குத் தெரியாது. “வளையம் எங்கயும் போகலை! அங்கயேதான் இருக்கு!” என்று குதித்தார். இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். கழற்றப்போன சட்டைப் பித்தானை மறுபடி போட்டார்.

“எங்கண்ணா கிளம்பிட்டீங்க?” என்று அத்தை கேட்டாள்.

“லாலாகுடாவுக்கு. அந்தப் பெரியவர் எவ்வளவு நம்பிக்கையோட கும்பிட்டார்! அவர்கிட்ட உண்மையைச் சொல்ல வேணாமா?”

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அத்தை.

“உங்களைப் பொய் சொல்லச் சொல்லலைண்ணா. வாயை மூடிட்டு இருங்க, அது போதும். எனக்காக.”

“உங்க சயின்ஸ் பதினஞ்சு வருஷம் கழிச்சும் இருக்கும்ங்க” என்றாள் அம்மா. “மாப்பிள்ளை இருக்க மாட்டார்.”

அப்பா தட்டை அலமாரியில் வைத்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன சின்னப் பொய்க்கெல்லாம் முட்டி போட வைத்த அப்பா இவர். அவர் சனிக்குப் பயந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எதற்குப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். “போய்ப் படி” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கல்யாணம் செகந்திராபாத்தில் நடந்தது. சனி பகவான் ஆயுதத்தைக் கீழே வைத்த கதையை அந்த அம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கதை ஆரம்பித்ததும் அப்பா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்கு ஓடினார். எனக்குப் பொறுக்கவில்லை. தாலி கட்டி முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ரயில்வே தாத்தாவிடம் போய்க் கண்ணுக்கு நேரே பிடித்தேன். திருப்பிக் காட்டினேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் பாப்பா” என்றார் தாத்தா.

“என்ன தெரியும்?”

“இதேதான். போன தடவை இப்படி ஆனப்ப எங்க ஃபோர்மேன் ஒருத்தர் காமிச்சார். அவரும் தட்டைத்தான் காமிச்சார்.”

“அப்ப எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு சாமியில நம்பிக்கை இல்லையா?”

“நக்கோ, அப்படிச் சொல்லாதே. சனிக்கிழமை எள்ளு விளக்குப் போடாம நான் காப்பி குடிச்சதில்லை.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். “உங்க அத்தை முகத்தைப் பார்த்தேன். என் பையன் முகத்தையும் பார்த்தேன். சொல்லிட்டேன். உங்கப்பாகிட்ட இதைச் சொல்லிடாதே. நல்ல மனுஷர், ஆனா வாதம் பண்ண ஆரம்பிச்சுடுவார். என் வீட்டுக்காரி காதுக்குப் போயிடும். கப்சிப், சரியா?”

அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா, ஒரு பொடிசிடம் தோற்கக் கூடாதென்று அப்படிச் சொன்னாரா, அதுவே எனக்கு இன்றும் சந்தேகம்தான். அன்றைக்கு ஒரே குழப்பம். விஞ்ஞானம் தெரிந்த அப்பா பேசாமல் இருக்கிறார், விளக்குப் போடுகிற தாத்தா விஞ்ஞானம் தெரிந்துகொண்டே கதை விடுகிறார். இதில் யார் கட்சியில் நான் சேர்வது? இருந்தாலும் பெரியவர் ஒருவர் என்னை நம்பி ரகசியம் சொன்னதில் ஏகப் பெருமை. சத்தியம் செய்து கொடுத்தேன்.

அத்தை நன்றாக வாழ்ந்தாள். அவள் மாமியார் இருந்தவரை அந்தக் கதை அந்த வீட்டில் வாழ்ந்தது, அதனால் உண்மையைச் சொல்ல அப்பாவுக்கு வேளையே வரவில்லை. தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா நாற்காலியைக் காலி செய்துவிட்டு நிற்பார். யாரோடும் எதற்கும் வாதம் பண்ணுகிற மனிதர், தாத்தா என்ன சொன்னாலும் தலையாட்டுவார். நம்பிக் கும்பிட்ட ஒருவரை முட்டாளாக்கிவிட்டேன் என்று அம்மாவிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறார். தாத்தா இறந்துபோனபோது எல்லோரும் நகர்ந்த பிறகும் அவர் காலருகே அப்பா மட்டும் நின்றார். உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பக்கத்திலேயேதான் நின்றேன். கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில், தாத்தாவுக்கு எல்லாம் தெரியும் என்பதை அன்றும் அப்பாவிடம் சொல்லவில்லை. தாத்தா என்னைக் கப்சிப் என்று இருக்கச் சொன்னது அந்தக் கல்யாணம் நல்லபடியாக நிலைக்கும் வரைக்கும்தான் என்பது எனக்குப் புரிவதற்குள் அப்பாவும் போய்விட்டார்.