செந்துறைக் கேப்டன்

செந்துறையில் கேப்டன் என்றால் அரங்கநாதன்தான். பதினைந்து ஆண்டு கடற்படையில் இருந்துவிட்டு 1979இல் ஓய்வு பெற்று வந்தவர். அங்கே அவர் பார்த்தது சமையல் வேலை. அதுவும் கப்பலில் இல்லை, விசாகப்பட்டினத்தில் கரையிலிருந்த முகாமில். ஊருக்கு இது தெரியாது. புயலில் கப்பலைத் திருப்பிய கதையைத்தான் டீக்கடையில் அளந்துவிட்டிருந்தார். மனைவி உண்ணாமலையும் அதை நம்பி, ஒரு கல்யாண வீடு விடாமல் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். கேப்டன் என்ற பெயர் போனால் தன்னிடம் கரண்டிதான் மிஞ்சும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் நிலைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பணியிலிருக்கும், ஓய்வு பெற்ற கடற்படையினருக்கான பாய்மரப் படகுச் சங்கம். மூன்று வருடமாக வறண்டு, ஆடு மேய்ந்துகொண்டிருந்த ஏரியின் கரையில், எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய படகொன்றை நிறுத்தினார். ஆள் அசகாய சூரன். தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்துச் சங்கம் வைத்தால் யார் சோதிக்க முடியும்? பேண்டு வாத்தியத்தில் ஊதி ஓய்வு பெற்ற அரியமுத்துவும், இன்ஜின் ரூமில் வேலை பார்த்து லீவில் வரும் குருநாதனும்தான் உறுப்பினர்கள். ஞாயிறுதோறும் வெள்ளை உடுப்பில் வந்து படகுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் கலைவார்கள். மூத்தவர் உத்தரவில்லாமல் இளையவர் வாய் திறக்கக் கூடாது என்பது சங்க விதி. ஆகவே யாருக்குப் படகோட்டத் தெரியும் என்ற கேள்வியே எழவில்லை.

1983 கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி ஊரே மகிழ்ந்தபோது மழையைத் திட்டியவர் அரங்கநாதன் ஒருவர்தான். அடுத்த ஞாயிறு படகோட்டம் பார்க்க ஊர் முழுக்கக் கரையில் நின்றது. முன்வரிசையில் பட்டுப்புடவையில் உண்ணாமலை.

மூவரையும் ஏற்றிக்கொண்டு படகு நகர்ந்ததும் அரங்கநாதன் பல்லைக் கடித்தபடி, "அரியமுத்து, பாயத் திருப்புய்யா" என்றார்.

"எப்படித் திருப்பறதுன்னு உத்தரவு போடுங்க சார். எனக்கு ஊதத்தான் தெரியும்."

"குருநாதா, நீ?"

"இன்ஜின் ரூம்ல கெடக்கறவனுக்குக் காத்தடிக்கிறதே தெரியாதுங்க சார். நீங்கதான் புயல்லயே திருப்புனவங்களாச்சே."

காற்று யாருடைய பதவியையும் பார்க்கவில்லை. நேராக எதிர்க்கரைக் கருவேல மரங்களுக்குள் படகைக் கொண்டுபோய்ச் செருகியது. பாய் கிழிந்து முள்ளில் தொங்கியது. "யாரும் எறங்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார் கேப்டன். அவருக்கு நீச்சலும் தெரியாது. ஆடு மேய்க்க வந்த வேம்பு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "எறங்கி நடங்கய்யா, முட்டிக்கால் தண்ணிதான்" என்றாள். மூவரும் விறைப்பாக உட்கார்ந்தே இருந்தார்கள்.

கரையைச் சுற்றி ஓடிவந்த கூட்டத்திலிருந்து உண்ணாமலை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். படகின் கயிற்றைப் பிடித்துப் புருஷனையும் கடற்படையையும் சேர்த்துக் கரைக்கு இழுத்துப் போட்டாள்.

"நெசமா சொல்லுங்க. கப்பல்ல என்ன வேல பாத்தீங்க?"

அரங்கநாதன் தொப்பியைக் கழற்றினார். "கப்பல்ல இல்ல. கரையில. சமையல்."

அவள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வாங்க. வூட்டுக்குப் போயி உலை வைங்க. எனக்குப் பசிக்குது."

"கேப்டன் சொல்லிட்டாங்க, கெளம்புங்க சார்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அவர் அவள் பின்னால் நடந்தார்.