எழுபத்திரண்டாம் ஆண்டு ரயில்

வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிறது எங்கள் மாடிக் குடியிருப்பு. என் எதிர்வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி அக்கா கப்பல் கம்பனி ஒன்றில் தட்டச்சு வேலை செய்கிறார். தனிக்கட்டை. "இது இந்தியாக்காரன், இது சீனாக்காரன்" என்று, போகிற ரயில் எந்த நாட்டில் செய்தது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். லண்டன் நிலத்தடி ரயில்களும் அவருக்கு மனப்பாடம். எந்த வழியில் எந்த ரயில், எந்த ஆண்டு செய்தது, எல்லாம் சொல்வார். லண்டனைக் கண்ணால் கண்டதில்லை.

எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டால் "சும்மா" என்பார். சும்மாவாவது, மண்ணாங்கட்டியாவது!

இரண்டாயிரத்து இரண்டில் அவருக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மாமா மகன் ஸ்ரீஸ்கந்தராசா. லண்டனில் நிலத்தடி ரயில் ஓட்டுநர். சாதகம் பொருந்தி, கூறைக்கு நிறமும் பார்த்தாயிற்று. அந்தக் காலத்தில் வெளிநாட்டு அழைப்பு வந்தால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வீடே சுற்றி உட்காரும். அன்று மாமி வீட்டில் அக்காவும் உட்கார்ந்திருந்தார். அது தெரியாமல் மாப்பிள்ளை லண்டனிலிருந்து கதைத்தார்.

"நான் இஞ்சை ஓடுறதே புத்தம்புது ரெயின். முப்பது வயதுப் பழசு எனக்கு என்னத்துக்கு அம்மா?"

முப்பத்தேழு வயது மாப்பிள்ளையின் வாயைப் பாருங்கள்!

அக்கா அழவில்லை. மறுநாளே காலி வீதியில் ஓர் இன்டர்நெட் கடைக்குப் போய், லண்டனில் ஓடும் ரயில்களின் வயதைத் தேடத் தொடங்கினார். இருபத்து மூன்று வருடம் தேடினார். மாப்பிள்ளை எந்த வழியில் ஓட்டுகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. அவரோ, விக்டோரியா வழிக்குப் புது ரயில்கள் வந்த பிறகு, ஊரெல்லாம் "விக்டோரியா வழி" என்று சொல்லித் திரிந்தார்.

போன வருடம் அவருக்கு மணிவிழா, வெள்ளவத்தையில் மண்டபம் பிடித்து. அழைப்போடு குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது: சீருடையில் தன் ரயிலுக்குப் பக்கத்தில் அவர். அக்கா என் கதவைத் தட்டினார்.

"அனுஷியா, ஸ்டேசன் சுவரிலை உள்ள பட்டையைப் பார். அங்கை வழிக்கு ஒரு நிறம். மண்ணிறம். விக்டோரியா எண்டால் வெளிர்நீலம். இது பேக்கர்லூ. அங்கை ஓடுறதுகளுக்குள்ளை மூத்தது இதுதான்."

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அன்று பின்னேரமே புதுச் சேலை எடுத்தோம்.

மணிவிழாவில் சடங்கு முடிந்து பந்தி நடந்தது. மாலையோடு வரிசை வரிசையாக உபசரித்து வந்தார் மாப்பிள்ளை. எங்கள் இலையடிக்கு வந்ததும் அக்கா தேனாகக் கதைத்தார்.

"மச்சான், படம் வடிவாயிருந்தது. கனகாலமா அந்த ரெயின்தானோ?"

"ஓம் ஜெகா. தொடங்கின நாளிலையிருந்து ஒரே வழி, ஒரே ரெயின். நான் மாறவேயில்லை."

"பேக்கர்லூ வழிதானே?"

அவர் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் முழித்தார். பாயச வாளியோடு பின்னால் வந்த மனைவி, "விக்டோரியா எண்டல்லோ எனக்குச் சொன்னவர்?" என்றார்.

"அது எழுபத்திரண்டாம் ஆண்டு ரெயின் மச்சான்," என்றார் அக்கா, மூன்று வரிசைக்குக் கேட்க. "நான் பிறந்த வருசம். முப்பது வயதுப் பழசு என்னத்துக்கு எண்டு என்னைத் தள்ளினீங்களே, அண்டைக்கு நீங்கள் ஓடின ரெயினுக்கும் முப்பது வயதுதான். அதை மட்டும் இண்டைக்கு வரைக்கும் விட மனம் வரேல்லையோ?"

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் தாய். அன்று ஸ்பீக்கர் போட்ட தொலைபேசி அவர் வீட்டுடையதுதான். பிறகு பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை மாலையைக் கழற்றுவதா, போட்டிருப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அக்கா அவர் மனைவியிடம் கிண்ணத்தை நீட்டினார். பழி வாங்கினால் மனம் ஆறாது என்கிறவர்கள், அன்று அக்கா இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக் குடித்ததைப் பார்க்காதவர்கள்.