சுறா எண்ணெய் பூசிய ஜீப்பு

எங்கள் பக்கம் அக்காவுக்குப் பெண் பிறந்தால் தம்பியிடம் போய், "உன் பொண்டாட்டி பொறந்துட்டாடா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மறந்துவிடுவார்கள். கேட்டு வளர்ந்தவள் மறப்பாளா? ஒன்பது வயதில் நான் என் தாய்மாமனை எனக்கே எனக்கென்று முடிந்துவைத்திருந்தேன்.

மாமா காசிமேட்டுக் கரையில் ஒரு ஐஸ் கொட்டகையில் வேலை பார்த்தார். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய ஜீப்பு ஒன்றைக் கொட்டகை முதலாளி வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். அது ஊர் சுற்றவில்லை. நின்ற இடத்திலேயே ஓடியது. அதன் பின்னால் சுழலும் உருளையில் பெல்ட்டை மாட்டினால் ஐஸ் உடைக்கும் எந்திரம் சுற்றும். ஐஸ் பாளம் விழும்போது என்ஜினின் வேகத்தைக் கூட்டவும், நொறுங்கியதும் அடக்கவும் கவர்னர் என்று ஒரு கருவி அதில் உண்டு. யாரும் மிதிக்காமலே எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். உடைகிற முதல் ஐஸ் சில்லு எனக்கு. அதை மென்றுகொண்டு முன்சீட்டில் மகாராணி போல உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அந்தச் சில்லு எதிர்வீட்டு அக்கா கைக்குப் போயிற்று. படகுக்காரர் மகள், அவள் அம்மாவின் மீன்கூடைக்கு ஐஸ் வாங்க வருவாள். மறுநாளும் அவளுக்கே. 'சக்களத்தி மண்ணுல செஞ்சாலும் ஆவாது' என்று அம்மா யாரையோ பார்த்துச் சொல்வாள். அதன் அர்த்தம் எனக்கு வயிற்றெரிச்சலாக வந்து விளங்கியது.

அந்த வாரம்தான் கவர்னர் இறுகிக்கொண்டது. பாளம் விழுந்தால் என்ஜின் இருமிவிட்டு அடங்கியது. பாளம் இல்லாதபோது பேய்க்கூச்சல் போட, பெல்ட் பாம்பாகத் துள்ளிக் கழன்றது. ரயிலுக்குப் போகவேண்டிய மீன்கூடைகள் வெயிலில் காத்திருந்தன.

"இன்னாடா, நாடி புடிக்கிற வைத்தியரு கணக்கா தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்று முதலாளி கத்தினார். "மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா வண்டி காயலான் கடைக்கு, நீ உங்கக்கா வூட்டுக்கு!"

கூடைக்காரிகளுக்கோ கொண்டாட்டம். "மொதல்ல ஒரு கண்ணாலத்தைப் பண்ணிக்க நைனா, வண்டி தன்னால ஓடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கவர்னரிலிருந்து, என்ஜினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டருக்குப் போகும் கம்பி அசையவே இல்லை. "உள்ளாற ஒடஞ்சி பூட்ச்சி போலக்கீதே" என்று முனகினார். உடைந்திருந்தால் மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்காது. வண்டி போனால் வேலையும் போகும்.

நான் மட்கார்டில் ஏறி எட்டிப் பார்த்தேன். கம்பியின் மூட்டுகளில் பழுப்பாக ஏதோ பிசின். மோந்து பார்த்தேன். படகு வாசம்! பானட்டின் ஓரத்தில் ஒரு துணி செருகியிருந்தது. மஞ்சளில் சின்னச் சின்னப் பூ. அது யாருடைய பழைய தாவணி என்று எனக்கா தெரியாது? அவள் உடுத்துவதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான்.

துணியைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தேன். "மாமா! சொறா எண்ணெ! இவதான் பூசிக்கீறா! இது இவ தாவணி!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "உப்புக்காத்து கம்பியத் துன்னுதுன்னு பேசிக்கினாங்க... அதான், படகுக்குப் பூசறாமாரி..."

உப்பு தொட்ட எதற்கும் சுறா எண்ணெய்தான் அவர்கள் வீட்டு மருந்து. மரத்தில் பூசினால் தோலாய்க் காய்ந்து காக்கும். என்ஜின் சூட்டிலோ அது கோந்தாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போன கதை.

இதோ, மாமா வெடிக்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, "அட, ஒடயலயா! இவ்ளோதானா!" என்றார். அந்தத் துணியையே வாங்கிக் கெரசினில் தோய்த்து மூட்டு மூட்டாகத் துடைத்தார். விரலால் சுண்டியதும் கம்பி 'டக்'கென்று ஆடியது.

பெல்ட்டை மாட்டினார்கள். பாளம் விழுந்தது, என்ஜின் உறுமி எழுந்தது. பாளம் நொறுங்கியது, பூனை மாதிரி அடங்கியது. முதலாளி கூடைகளை எண்ணப் போய்விட்டார்.

முதல் சில்லு எனக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன்! அவள் பார்க்கிறாளா என்று திரும்பினேன். அவள் சில்லைப் பார்க்கவில்லை.

மாமா அந்தத் துணியைச் சோப்புப் போட்டு அலசி, பானட்டின் மேல் காயவைத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாட்சிக்கு வைத்துக்கொள்கிறார், அவள் அப்பாவிடம் பிராது கொடுக்கப் போகிறார் என்று எனக்கு ஒரே குளிர்ச்சி.

நான் நினைத்தபடியே, அந்த வெள்ளிக்கிழமையே அம்மாவையும் கூட்டிக்கொண்டு சலவைச் சட்டையோடு எதிர்வீட்டுக்குப் புறப்பட்டார். அவள் திட்டு வாங்குவதைக் கேட்க நானும் குதித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திட்டப்போகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கும் மல்லிகைப்பூவும் எதற்குக் கொண்டுபோகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.