சொல்தா வீட்டுச் சன்னல்கள்

இரண்டு அஞ்சல்தலைகளை ஒட்டிவைத்தாற்போன்ற அளவு, மாதுளம்பூவின் சிவப்பு, விரலிடையில் பிடித்தால் எடையே தெரியாது. அந்த பிளாஸ்டிக் படலத்தை ஓர் அட்டையில் பதித்து, நூல் கட்டி, வீட்டின் நடுவே தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து எடுத்துவருவதே எண்பதுகளின் தொடக்கத்தில் என் ஆய்வுப்பணியாக இருந்தது. மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் ரேடான் என்னும் கதிரியக்க வளி ஓயாது கசிகிறது. அடைபட்ட அறையில் அது தேங்கும். நெடுங்காலம் மூச்சில் கலந்தால் நுரையீரலில் புற்று வரக்கூடும். அது உமிழும் துகள்கள் படலத்தில் கண்ணுக்குப் புலப்படாத வடுக்களை உண்டாக்கும். எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தால் அவ்வடுக்கள் துளைகளாக விரியும். நுண்ணோக்கியின் கீழ் நான் அவற்றை எண்ணுவேன்.

புதுச்சேரியில் நான் படியேறிய வீடுகளுள் ஒன்று ஒரு சொல்தாவினுடையது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெறுவோரை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். கருங்கல் அடித்தளம், தடித்த சுவர்கள், தெருவை நோக்கிப் பச்சை வண்ணச் சட்டமிட்ட உயரமான சன்னல்கள். கடல்கடந்து காவல் நின்ற ஆண்டுகளின் ஊதியத்தில், ஒவ்வொரு கல்லையும் தாமே பார்த்து வைத்துக் கட்டிய வீடு.

“அப்ப என் வூட்டுக்குப் பரீட்சை. பேப்பர் திருத்தறது யாரு, மத்மசேல்?” என்றார், இளம்பெண்ணைப் பிரெஞ்சில் விளிக்கும் சொல்லால்.

“நான்தான் ஐயா.”

“பாத்துத் திருத்து. ஏனோதானோன்னு கட்டின வூடு இல்ல இது.”

என் படிவத்தில் ஒரு வினா இருந்தது: வீட்டில் நுரையீரல் நோயுற்றோர் உண்டா? அதைப் படித்ததும் அவர் முகத்தில் இருந்த விளையாட்டு அடங்கிற்று. மனைவி அந்நோயில் இறந்து ஈராண்டு ஆகியிருந்தது. “இந்தக் காத்துதான் காரணமா இருக்குமா?” என்று கேட்டார். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்தவளின் மிடுக்கோடு, “அளந்தாத்தான் தெரியும் ஐயா” என்றேன். அளந்தாலும் தெரியாது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மார்கழியில் எடுத்த படலத்தில், அந்தத் தெருவிலேயே மிகக் குறைவான துளைகள். செய்தியைச் சொன்னபோது பெரியவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். உள்ளே சென்று பிஸ்கோத்து டின்னை எடுத்துவந்து என் மடியிலேயே வைத்தார். அப்போது அவருடைய மகள் அடுப்பங்கரை வாயிலில் வந்து நின்றார்.

“ஏன் கொறையாது? மூணு மாசமா ஒரு சன்னல மூட வுடல இவுரு. ஐப்பசி மழையில கட்டிலு, பாயி எல்லாம் நனஞ்சிபோச்சி. கொசு எங்கள தூக்கிட்டுப் போவாததுதான் பாக்கி.”

“நீ சும்மா இரு” என்றார் தந்தை. குரலில் கடுமை இல்லை.

நானும் சும்மா இருந்திருக்கலாம். பிழையான அளவைப் பதிவேட்டில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. “எப்பவும் இருக்கிற மாதிரி இருந்தாத்தான் ஐயா அளவு சரியா வரும்” என்றேன்.

“இவ அம்மாவுக்குப் பனி ஆவாது. இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான்தான் மூடுவேன். சந்துல துணியக்கூட வச்சி அடைப்பேன்” என்றார். பிறகு எழுந்து, சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தித் தாழிட்டார். “இன்னொண்ணு கட்டு.”

பங்குனிப் புழுக்கத்திலும் அவர் அவற்றைத் திறக்கவில்லை. இம்முறை துளைகள் பெருகியிருந்தன. அடைத்துவைத்த மற்ற வீடுகளில் இருந்த அளவே இங்கும். ஊர்ப் பொதுவான அளவுதான் என்றேன்.

“அப்ப இதால சாவலையா அவ?”

“ஒருத்தருக்கு எதால வந்துச்சுன்னு இது சொல்லாது ஐயா.”

“அளந்தாத்தான் தெரியும்னியே.”

இப்போது கையகலக் கருவி ஒன்றை மேசைமேல் வைத்தால் ஓரிரு நாளில் எண் தெரிந்துவிடுகிறது. அதை வாங்கிவைத்துக்கொண்டு, பயப்பட வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் விளக்கிவிட்டுத்தான் எண்ணைக் கேட்கிறேன். அந்த ஒழுங்கு எனக்குச் சொல்தாவின் கூடத்தில் வந்தது. அன்று அவர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பிஸ்கோத்து டின் வரவில்லை.

“இனிமே தொறந்து வைக்கறதா, மூடி வைக்கறதா?” என்று கேட்டார்.

இதற்கு மட்டும் எனக்கு ஐயமற்ற விடை தெரியும். “தொறந்து வையுங்க ஐயா.”

“யாருக்கு?” என்றார்.

“எனக்கு” என்றார் மகள். “நானுந்தான இந்த வூட்ல மூச்சு வுடறேன்?” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தெருச் சன்னலின் தாழைப் பிடித்து இழுத்தார். மூன்று மாதமாக அசையாத தாழ் இறுகியிருந்தது. பெரியவர் எழுந்து சென்று, மகளின் கைமேல் தம் கையை வைத்துச் சேர்ந்து இழுத்தார்.