மறந்தாயா என்று கேட்பவர்

விரல்கள் ஒரு வரியை அடிக்கின்றன. அடித்த வேகத்திலேயே அழிக்கின்றன. பிறகு அதே வரியை, ஓர் எழுத்தும் மாறாமல், மெதுவாக மறுபடி அடிக்கின்றன. முதலில் அடித்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அது யோசித்து அடித்ததா, பழக்கத்தில் வந்து விழுந்ததா என்று அவருக்குச் சந்தேகம். "கை தானா எழுதினதை நான் நம்பமாட்டேன்" என்பார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி. ஐம்பதை நெருங்கும் பெண்மணி. சுவருக்கு முதுகைக் கொடுத்து, கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். பேருந்தின் நெற்றியில் போகும் இடம் பளிச்சென்று எரிந்தாலும், ஏறுமுன் ஓட்டுநரிடம் கேட்பார். "போர்டுல போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று ஓட்டுநர் எரிந்து விழுந்தால், "போர்டா வண்டி ஓட்டுது?" என்று பதில் வரும். வீட்டில் காபி போடுவது கணவர்.

"சர்க்கரை போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"கலக்கினீங்களா?"

"ஏம்மா, குடிச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"குடிச்சப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

கணவர் கோபித்துக்கொள்வதில்லை. கல்யாணமான புதிதிலேயே சரணடைந்துவிட்டவர் அவர்.

உடம்புக்குள் ஒலியை அனுப்பிப் படம் எடுக்கும் ஸ்கேன் இயந்திரங்கள் தயாராகும் இடத்தில் பூதக்கண்ணாடிக்கு வேலை. இயந்திரத்துக்குள் ஒரு கணினி. கணினியில் செருகிய ஓர் அட்டை. படத்தைக் கொண்டுவந்து நினைவகத்தில் கொட்டுவது அட்டையின் பொறுப்பு. எங்கே கொட்டலாம், எங்கே காலே வைக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லும் நிரலை எழுதுவது இவர் பொறுப்பு. அந்த நிரலை டிரைவர் என்பார்கள்.

அட்டையிடம் நினைவகத்தின் நிஜ முகவரியைக் கொடுப்பதில்லை. ஒப்புக்கு ஒரு முகவரி கொடுப்பார்கள். நடுவில் ஓர் அட்டவணை இருந்து, இந்த ஒப்பு முகவரிக்கு நினைவகத்தில் இந்த அறை என்று வழிகாட்டும். ஒருவரின் படம் முடிந்ததும் அட்டவணையில் அந்த வரியை அழித்து, அதே முகவரியை அடுத்தவர் படத்துக்கு வேறோர் அறையைக் காட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் அட்டை சோம்பேறி. ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் பார்க்காது. போய்வந்த வழியை மனப்பாடமாக வைத்திருக்கும். எனவே வரியை அழித்தால் மட்டும் போதாது, 'பழைய வழியை மற' என்று அட்டைக்கும் கட்டளை போகவேண்டும். மறக்காவிட்டால் புதுப் படத்தின் ஒரு கீற்று பழைய அறைக்குப் போய்விடும். புது அறையில் முன்பே கிடந்த எவருடைய படமோ அப்படியே கிடந்து திரையில் தெரியும். "வீட்டைக் காலி பண்ணினப்புறமும் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியற ஆளு அது" என்பார் பூதக்கண்ணாடி.

அந்த வாரம் மருத்துவமனைக்குப் போகவேண்டிய இயந்திரத்தின் கடைசி வடிவம் சோதனை மேசையில் இருந்தது. ஒரு தண்ணீர்ப் பையை ஸ்கேன் செய்தார்கள். தண்ணீரின் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தது. எலும்பு. சற்றுமுன் படமெடுத்த ஒருவரின் மணிக்கட்டு அது. அடுத்த படம் வந்ததும் மறைந்துவிட்டது. அறையிலிருந்தவர்களில் அதைப் பார்த்தவர் பூதக்கண்ணாடி மட்டுமே.

"தண்ணிக்குள்ள எலும்பா? மேடம், நீங்க லீவு எடுத்து நாளாச்சு" என்றார் மேலாளர்.

"மணிக்கட்டுன்னா சிரிக்கலாம் சார். ஒருத்தரோட கட்டி இன்னொருத்தர் ஈரல்ல தெரிஞ்சா, கத்தி வெச்சிடுவாங்க."

மேலாளரின் சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும். அதுக்குள்ள எனக்கும் அதைக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா டிரைவரைக் குடுத்துடுங்க."

பூதக்கண்ணாடி வாசலுக்கு வாசல் காவல் போட்டார். எந்த முகவரி யாருக்குப் போனது, எப்போது திரும்பியது, எந்த அறைக்கு வழி மாறியது என்று ஒவ்வோர் அசைவையும் எழுதிவைக்கும் வரிகளை டிரைவருக்குள் நுழைத்தார். கீற்று வரவில்லை. காவலைக் கூட்டினார். அறவே வரவில்லை. சந்தேகம் பக்கத்து அறைக்குத் தாவியது. அங்கே அட்டையை வடிவமைத்தவர் உட்கார்ந்திருந்தார்.

"அட்டையை மாத்தினீங்களா?"

"நான் திருட்டுத்தனமா மாத்திட்டேன்னு சொல்றீங்களா?"

"சொல்லல. கேக்கறேன்."

அன்றே அட்டை செருகிய இடத்தில் ஒரு தாளை ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டுவிட்டார். அட்டைக்காரர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை, தேநீர் குடிக்கும் இடத்தில் அதற்குப் பழி வாங்கினார்.

"முனைக்கு முனை போலீஸை நிறுத்திட்டு, திருடனைக் காணோமேன்னு ஒப்பாரி வெச்சா எப்படி மேடம்?"

பூதக்கண்ணாடி வாய்வரை கொண்டுபோன கோப்பையைக் கீழே வைத்தார். காவல் வரி ஒவ்வொன்றும், கண்டதை எழுதிவைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அட்டை சாவகாசமாக மறந்து முடித்துவிடுகிறது. திருடனை ஒளித்துவைத்ததே காவல்தான்.

போய் எல்லாக் காவலையும் எடுத்தார். மருத்துவமனையில் எப்படி ஓடுமோ அப்படி ஓடவிட்டார். மதியத்துக்குள் தண்ணீரில் எலும்பு வந்தது. இந்தத் தடவை மேலாளரும் பக்கத்தில் நின்றிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அட்டைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"உங்க அட்டை பொய் சொல்லுது. மறந்துட்டேன்னு சொல்லிட்டு மறக்கல" என்றார் பூதக்கண்ணாடி.

"எங்க சொல்லுது?"

காட்டினார். அட்டைக்காரர் குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது குரலில் கேலி இல்லை.

"இது கட்டளை வந்து சேந்துச்சுன்னு சொல்ற இடம் மேடம். மறந்து முடிச்சதை வேற இடத்துல சொல்லும். அங்க நீங்க கேக்கவே இல்லையே."

கலக்கினீர்களா என்று கணவரைக் கேட்கிறவர், இங்கே போட்டாச்சு என்றதை நம்பித் திரும்பியிருக்கிறார். ஊரையே சந்தேகப்பட்டவருக்கு இந்த ஒரு பதிலில் மட்டும் சந்தேகம் வராமல் போயிருக்கிறது. காது மடல் சிவக்க, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீங்க ஒட்டின தாளைக் கிழிச்சிடலாமா?"

"இருக்கட்டும். உங்களை இன்னும் முழுசா விடல."

அன்று அவர் எழுதியது சிறியது. திரும்பி வந்த முகவரி உடனே இன்னொருவருக்குப் போகாது, ஓரமாகக் காத்திருக்கும். மறந்தாயா என்று அட்டையைச் சரியான இடத்தில் கேட்டு, மறந்தேன் என்று பதில் வந்த பிறகே வெளியே விடப்படும். பதில் வராவிட்டால் படம் நின்று திரை வெறுமையாகிவிடும். "தப்பான படத்துக்கு வெறுந்திரை எவ்வளவோ மேல்" என்று மேலாளரிடம் சொன்னார். அவரும் தலையசைத்தார். காவல் ஒன்றுமில்லாமல், வண்டி வரும் காலைவரை இயந்திரம் தண்ணீர்ப் பையையும் மணிக்கட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. கீற்று இல்லை.

வெள்ளிக்கிழமை டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சோதனை அறைக்குப் போனார். ஸ்கேன் மேசையைக் கவனித்துக்கொள்ளும் பெண் கை நீட்டினாள்.

"கடைசியா ஒரு வாட்டி பாத்துட்டு அனுப்பிடலாம்க்கா. தண்ணிப் பையை வெக்கட்டுமா?"

"வேண்டாம்."

பென்டிரைவை அவள் உள்ளங்கையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படமெடுக்கும் கட்டிலில் ஏறிப் படுத்தார். கழுத்துப் பக்கத் துணியை விலக்கிக்கொண்டு, திரையும் கதவும் இருக்கும் பக்கத்தை விட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.