மச்சான் கல்லுடைத்த மலை

1961ஆம் ஆண்டு மாசி மாதம் நானும் மனைவி பரமேஸ்வரியும் கருங்கல்மலைக்குப் போனோம். ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. அங்கே பாறைக்கு வெடி வைக்கும் வேலை செய்த அவளுடைய அண்ணன் குலம், முந்தைய வருடம் விபத்தில் இறந்துபோனான். மூடிய பெட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "அந்த இடத்தையாவது பாக்கவேணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வவுனியாவில் காலை ஆறு மணிக்கு முல்லைத்தீவு பஸ். நெடுங்கேணி வரை ஆளுக்கு எழுபது சதம். அங்கிருந்து காட்டுக்குள் நாலு மைல் வண்டிப்பாதை. வழி கேட்டபோது தேத்தண்ணிக் கடைக்காரர், "அங்கை இப்ப ஆர் இருக்கினம்? வேலையை நிப்பாட்டிப் போட்டினமே" என்றார். நான் தயங்கினேன். பரமேஸ் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மூன்று பாறைமலைகளுக்கு நடுவில் ஊர். ஊர் என்றால் இரண்டு வரிசைத் தகரக் கொட்டில்கள், ஒரு கிணறு, கதவு கழன்ற ஒரு கடை. அரசர் காலத்தில் குளக்கட்டுகளுக்குக் கல் பிளந்த இடமாம். அன்று ஆப்பு இறக்கிய துளைகள் பாறை விளிம்பில் வரிசையாக இன்னும் இருக்கின்றன. பக்கத்திலேயே நம் காலத்து வெடிக்குழிகள்.

ஒரு கொட்டிலில் மட்டும் புகை. வெளியே வந்தவர் பரமேஸைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கள் குலத்தின்ர தங்கச்சியோ? அதே முகம்."

அவர் செல்லையா. குலத்தோடு வெடி வைத்தவர். இப்போது தனியே காவல் இருக்கிறார். எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை. "வாங்கோ" என்று முன்னால் நடந்தார்.

பெரிய மலையில் ஏற முக்கால் மணி நேரம். வழுக்கும் என்று செருப்பைக் கழற்றினோம். பாறை உள்ளங்காலைச் சுட்டது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கருகிய பள்ளம் ஒன்றின் அருகே செல்லையா நின்றார்.

"ஒரு வெடி வெடிக்கேல்லை. ஏனெண்டு போய்ப் பாக்கிறது அண்டைக்கு என்ர முறை. எனக்குக் காய்ச்சல். 'நீ படு, நான் பாக்கிறன்' எண்டு குலம் போனவன். கிட்டப் போகேக்கைதான் வெடிச்சது."

பரமேஸ் பள்ளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உண்மையாவே காய்ச்சலோ?"

"ஓம் தங்கச்சி. எண்டாலும் எழும்பி நடந்திருக்கலாம்."

அவள் மேலே நடக்கத் தொடங்கினாள். உச்சிக்குப் போனோம். எந்தப் பக்கமும் காடு. தூரத்தில் ஒரு குளம்.

இறங்கி வந்ததும் பரமேஸ் புட்டுப் பொட்டலத்தைப் பிரித்து மூன்று பங்கு வைத்தாள். "சாப்பிடுங்கோ, அண்ணை." செல்லையா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அவர் முதல் வாய் வைக்கும்வரை அவள் தன் பங்கைத் தொடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்: "இஞ்சருங்கோ, நான் மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ. அவரும் அங்கைதான் கிடக்கிறார், அண்ணனைப் போல."

போக நினைக்கிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள்; கிணறு உவர். எங்களைப் போல் வெயிலேறிய பிறகு ஏறாதீர்கள். நெடுங்கேணியில் கடைசி பஸ் மூன்றரைக்கு. செல்லையா இன்னும் இருந்தால் மலையைக் காட்டுவார். அந்தப் பள்ளத்தருகே அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஏன் என்று கேட்கவேண்டாம்.